பழைய டர்போ கார்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: ஏழு வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு கார்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது ஆறு கியர் மேனுவல். 1,05,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரே உரிமையாளர், எல்லா சர்வீஸ் பில்லும் வைத்திருக்கிறார். இரண்டாவது ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 62,000 கி.மீ. தான் ஓடியிருக்கிறது. இரண்டு பேர் கை மாறியிருக்கிறது, முதல் மூன்று வருட பில் மட்டும் இருக்கிறது. "சிப் ட்யூனிங் செய்திருக்கிறேன், வண்டி பறக்கும்" என்கிறார் விற்பவர். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் தினமும் வேலைக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம் நெரிசலில் ஊர்ந்து போகிறவன். வார இறுதியில் நெடுஞ்சாலைப் பயணம் உண்டு. போன வருடம் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. "டர்போ என்றால் மேனுவல்தான், ஆட்டோமேட்டிக் எடுத்தால் பவரெல்லாம் கியர்பாக்ஸே தின்றுவிடும்" என்கிறார் அண்ணன். மனைவிக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட வரும். எதை எடுப்பது?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று முழங்கால், இன்னொன்று சிப் ட்யூனிங், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது. எனக்கு அந்த இரண்டும்தான் முதலில் கண்ணில் பட்டன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்றது ஆட்டோமேட்டிக்தான். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஆட்டோமேட்டிக் கார் வேண்டாம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் மேனுவலை எடுங்கள், அதுவும் உங்கள் முழங்கால் சம்மதித்தால். இருபது வருடத்துக்கு மேல் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுகிற வேலை செய்கிறவன் என்ற முறையில் இதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அண்ணன் சொன்னது. அது ஒரு காலத்தில் முழு உண்மை. டர்போ என்பது எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சின்னச் சக்கரம். டர்போ பொருத்திய பயணிகள் கார்கள் விற்பனைக்கு வந்தது 1962-ல், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடர் என்று இரண்டு கார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் டர்போ என்றாலே தாமதம்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல வண்டி பாயும். அன்றைய ஆட்டோமேட்டிக்கில் மூன்று அல்லது நான்கு கியர்தான் இருந்தது. ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போனதும் எஞ்சின் சுற்று வெகுவாக இறங்கிவிடும், டர்போ தூங்கிவிடும். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்துவதற்கு நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கும், அதிலும் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டியவர்கள், அல்லது ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டவர்கள், அண்ணனைப் போலத்தான் பேசுவார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. டர்போ சக்கரம் சிறியதாகிவிட்டது. சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும், நொடியில் வேகம் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் ஆறு, ஏழு, எட்டு கியர் வந்துவிட்டதால் சுற்று அதிகம் இறங்குவதில்லை. வண்டி நகர்ந்த பிறகு டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு பூட்டு கிளட்ச் பிடித்துக்கொள்கிறது, வழுக்கல் நின்றுவிடுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மேனுவலில் கியர் மாற்றும்போது நாம் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுகிறோம். அந்த இடைவெளியில் டர்போவின் அழுத்தம் விழுந்துவிடும், அடுத்த கியரில் மறுபடி ஏற வேண்டும். இதைத் தவிர்க்க வேண்டும் என்பது டூயல் கிளட்ச் கியர் பெட்டியை ரேஸ் காரில் போட்டுப் பார்த்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. போர்ஷே நிறுவனம் 1980-களில் தன் 956, 962 டர்போ ரேஸ் கார்களில் அதைப் பொருத்தி ஓட்டியது. 1986-ல் மோன்சாவில் 962 அந்தப் பெட்டியோடு பந்தயத்தில் வென்றது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச். ஒன்று விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்ளும், ஓட்டுநர் காலை எடுக்கவே வேண்டாம். 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக அது சாலைக் கார்களுக்கு வந்தது. ஆக டர்போவுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஆகாது என்பது பழைய கதை. வேகம், மைலேஜ் இரண்டிலுமே நல்ல ஆட்டோமேட்டிக் இன்று மேனுவலுக்குச் சமமாக நிற்கிறது, சிலவற்றில் முந்தியும் நிற்கிறது.

ஆனால் இதெல்லாம் புதுக் காருக்கான பேச்சு. நீங்கள் வாங்கப் போவது ஏழு வருடம் ஓடியது. அதனால் டர்போ எஞ்சின் தன் பின்னால் இருக்கும் கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

டர்போ இல்லாத ஒரு 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும், அதுவும் நிமிடத்துக்கு 3,800, 4,000 சுற்றுக்குப் போன பிறகு. அதே அளவு எஞ்சினில் டர்போ இருந்தால் 1,500 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது சுகம். சிக்னலில் கிளம்பும்போதே இழுக்கும், கியர் குறைக்காமல் முந்தலாம். கிளட்ச்சுக்கு மட்டும் அது சுகமில்லை. முழு பாரமும் கீழ்ச் சுற்றிலேயே, கிளட்ச் பிடிக்கும் தறுவாயிலேயே வந்து விழுகிறது. டர்போ கார்களில் கிளட்ச் ஏன் சீக்கிரம் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மேனுவலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. என்னிடம் ஓர் ஆசிரியர் வருவார். மிகவும் நிதானமானவர். வண்டியை அடித்து ஓட்டியதே கிடையாது. எழுபதாயிரம் கி.மீ. தாண்டியதும் எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் அடியில் தகரம் உருள்வது போலச் சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். இறக்கிப் பார்த்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் போய்விட்டது. அது இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல். எஞ்சினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். "நான் மெதுவாகத்தானே ஓட்டினேன்" என்று அவர் வருத்தப்பட்டார். கூட உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். மைலேஜ் வேண்டும் என்று நாற்பது கி.மீ. வேகத்திலேயே ஐந்தாவது கியர் போட்டுவிடுகிறார், எஞ்சின் 1,200 சுற்றில் முனகுகிறது, அங்கிருந்தே ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகம் எடுக்கிறார். டர்போ முறுக்குவிசை முழுக்க அந்த ஸ்பிரிங்குகளில் சம்மட்டி அடியாக விழுந்திருக்கிறது. ஃப்ளைவீலோடு கிளட்ச் தட்டு, கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

ஃப்ளைவீல் போனால்கூடப் பரவாயில்லை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் அதிகப் பாரம் கொடுத்தால், பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த துளிகள் அதற்கு ஒரு காரணம். அந்த அழுத்தம் பிஸ்டனையே உடைக்கும் அளவுக்குப் போகும். இதற்காகவே எஞ்சின் ஆயில் தரத்தையே மாற்றினார்கள். 2018-ல் அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் என்ற தரம் வந்தது, 2020-ல் எஸ்பி வந்தது. நீங்கள் எந்த டர்போ பெட்ரோல் கார் வாங்கினாலும், தயாரிப்பாளர் சொன்ன கெட்டித்தன்மையில், இந்தத் தரமுள்ள ஆயிலை ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக்கில் இந்த வம்பு குறைவு. நீங்கள் அழுத்தினால் கணினி தானே கியரைக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட்டுவிடும். மேனுவலில் அந்தப் பொறுப்பு உங்கள் கையில். 2,000 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது வேகம் வேண்டுமானால் முதலில் ஒரு கியர் குறைக்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு நான் மேனுவல் டர்போவைச் சிபாரிசு செய்வதில்லை.

சரி, இப்போது ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே நான்கு வேறு வேறு பெட்டிகள் இருக்கின்றன. பழைய கார் வாங்குகிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். "ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்கிறார்கள், "எந்த ஆட்டோமேட்டிக்?" என்று கேட்பதில்லை.

உங்கள் இரண்டாவது காரில் இருப்பது டூயல் கிளட்ச். அதிலும் உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச் என்று இரண்டு வகை. ஈர வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் குளித்துக்கொண்டே இருக்கும், சூட்டை எண்ணெய் கொண்டுபோய்விடும். உலர் வகையில் காற்றுதான் ஆற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டும் ஒன்றுதான். நெரிசலில்தான் வேறுபாடு. மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், மேனுவலில் நாம் ஹாஃப் கிளட்ச்சில் போவது போல, கணினியும் கிளட்ச்சை முழுசாகப் பிடிக்காமல் வழுக்கவிட்டுக்கொண்டே போகும். நாற்பது நிமிடம் இப்படி ஓடினால் உலர் கிளட்ச் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளம்பும்போது உதறல், முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே குலுக்கல், எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கிளட்ச்சை இயக்குவதற்கு என்று கணினியும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்த ஒரு பாகம் பெட்டியிலேயே இருக்கிறது. மெக்கட்ரானிக் என்பார்கள். அதற்கும் வெப்பம் ஆகாது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் தன் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டிக்காக உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில், நின்று நின்று ஓடும் நெரிசலில், பெட்டியிலிருந்த செயற்கை எண்ணெயால் மின்சாரக் கோளாறு வரலாம் என்று கண்டு, அதை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றித் தந்தார்கள். நீங்கள் காரின் பெயரை எழுதவில்லை, அதனால் உங்கள் கார் அதுதான் என்று சொல்லவில்லை. எந்த நிறுவனத்தின் உலர் கிளட்ச்சாக இருந்தாலும் வெப்பமும் நெரிசலும்தான் அதற்கு எதிரி. உங்கள் தினசரி எண்பது நிமிடம் அந்த நெரிசலில்தான் கழிகிறது.

டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் வழியாகத்தான் விசை போகிறது. ஊர்ந்து போகும்போது தேய்வதற்கு அங்கே தட்டு இல்லை. சூடு எண்ணெயில் சேர்ந்து கூலர் வழியாக வெளியே போய்விடும். அதைவிட, வண்டி கிளம்பும் கணத்தில் டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும். டர்போ விழித்துக்கொள்ளும் முன் வரும் அந்தச் சின்னத் தளர்ச்சி அப்படியே மறைந்துவிடும். டர்போவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது என் கருத்து. டூயல் கிளட்ச் அளவுக்கு வேகமாகக் கியர் மாறாது, உண்மைதான். வேலைக்குப் போகும் வழியில் அந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.வி.டி. பெட்டியில் கியரே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெல்ட் ஓடும். நெரிசலில் வெண்ணெய் போலப் போகும். ஆனால் அதற்கென்று உள்ள எண்ணெயைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால் பெல்ட் போச்சு. ஏ.எம்.டி. என்பது மேனுவல் பெட்டியையே மோட்டார் வைத்து இயக்குவது. அதுவும் ஒவ்வொரு கியருக்கும் ஆக்சிலரேட்டரை விட்டுத்தான் மாற்றும், டர்போ அழுத்தமும் ஒவ்வொரு முறையும் விழும், தலை முன்னும் பின்னும் ஆடும். டர்போவோடு அதைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்றாராமே, அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. விற்பவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. சில கார்களின் கையேட்டிலேயே அப்படி எழுதியிருக்கும். ஆனால் கியர்பாக்ஸைத் தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டிக்கு 60,000 கி.மீ. கணக்கு. சூடாகிற எண்ணெய் எதுவும் கெடாமல் இருக்காது. பழைய ஆட்டோமேட்டிக் கார் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது எஞ்சின் ஆயில் பில்லை அல்ல, கியர்பாக்ஸ் ஆயில் பில்லைத்தான். அது இருந்தால் உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்று பாதி தெரிந்துவிடும்.

சிப் ட்யூனிங் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் கணினியில் எழுதியிருப்பதை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதுதான் அது. டர்போ பெட்ரோலில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு கூட்டுவது எளிது, அதனால்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நான் மேலே சொன்ன ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் உலர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைத்தது. 200 தருகிற எஞ்சினில் முப்பது பங்கு கூட்டினால் 260. அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் எல்லையைத் தாண்டுகிறோம். எஞ்சின் தாங்கிவிடும், கிளட்ச் தாங்காது. "நான் பழையபடி மாற்றித் தருகிறேன்" என்று விற்பவர் சொல்லலாம். மென்பொருளை மாற்றலாம், தேய்ந்த கிளட்ச்சை மென்பொருள் திருப்பித் தராது. சிப் போட்டு எத்தனை கி.மீ. ஓட்டினார், யார் போட்டது, அதற்கு ஏற்ற கிளட்ச் போட்டாரா, ஒன்றுக்கும் பில் இல்லை. அந்தக் காரை நான் தொடமாட்டேன்.

62,000 கி.மீ. தானே என்று உங்களுக்குத் தோன்றும். ஏழு வருடத்தில் 62,000 என்றால் வருடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. ஒரு நாளைக்கு 24 கி.மீ. அது பெரும்பாலும் ஊருக்குள் ஊர்ந்த ஓட்டமாக இருக்கும். மேனுவல் கார் வருடத்துக்கு 15,000 ஓடியிருக்கிறது, அதில் நல்ல பங்கு நெடுஞ்சாலையாக இருக்க வாய்ப்புண்டு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஆறாவது கியரில் போனால் கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. சில கார்களின் கணினியில் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓடிய கி.மீ.யை அந்த மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். 62,000 கி.மீ., 3,000 மணி நேரம் என்று வந்தால் சராசரி 20 கி.மீ. முழுக்க முழுக்க நெரிசலில் ஓடிய வண்டி. 1,05,000 கி.மீ., 2,300 மணி நேரம் என்று வந்தால் சராசரி 45. அந்த வண்டிதான் உண்மையில் இளையது.

இனி மேனுவல் காரை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த நிலையில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பெட்டிக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஐட்லிங்கில் கிளட்ச் மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். எஞ்சினை அணைக்கும்போது அந்த ஆசிரியர் கார் போல உருளும் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். அப்புறம் எஞ்சின் சூடானதும், ஆளில்லாத நேரான சாலையில், நான்காவது கியரில் 2,000 சுற்றில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். டர்போ எஞ்சினில் கிளட்ச் வழுக்கல் இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். சுற்று முள் குபீரென்று ஏறி, வேகம் அதற்கு ஏற்ப ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. அதனால் காரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கிளட்ச், ஃப்ளைவீல், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்ற ஆகும் செலவை ஒரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும், கூலியைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

டர்போவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் சீல் தேய்ந்திருக்கலாம். ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளைச் சத்தம் வந்தால் பேரிங் சரியில்லை. டர்போ அனுப்பும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் குழாயில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம், சொட்டினால்தான் தவறு. ஒரே உரிமையாளரிடம் எல்லா பில்லும் இருக்கிறது என்கிறீர்கள். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, எஞ்சின் ஆயில் மாற்றியதில் பெரிய இடைவெளி எங்காவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டர்போவின் உயிர் அந்த ஆயிலில்தான் இருக்கிறது. ஸ்கேனர் போடும்போது, பிழைப் பதிவுகள் சமீபத்தில் அழிக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியாமல் நின்றிருந்தால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம்.

இதெல்லாம் தேறிவிட்டாலும் உங்கள் முழங்கால் மிச்சம் இருக்கிறது. டர்போ முறுக்குவிசையைப் பிடிக்க வேண்டியிருப்பதால் இந்தக் கார்களின் கிளட்ச்சில் அழுத்தும் ஸ்பிரிங் பொதுவாகவே கெட்டி. கிளட்ச் தேயத் தேயப் பெடல் இன்னும் இறுகும், தானே சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால் தவிர. ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வழக்கமான நேரத்தில், வழக்கமான வழியில், இப்போது போகிற வண்டியில் நாற்பது நிமிடத்தில் எத்தனை முறை நின்று கிளம்புகிறீர்கள் என்று எண்ணுங்கள். நின்று கிளம்ப ஒரு தடவை, இரண்டாவது கியருக்கு ஒரு தடவை, மறுபடி நிற்க ஒரு தடவை என்று கிளட்ச்சைக் குறைந்தது மூன்று முறை மிதிக்க வேண்டும். நூறு முறை நின்று கிளம்பினால் முந்நூறு மிதி, போக மட்டும். திரும்பி வர இன்னொரு முந்நூறு. ஜவ்வு தைத்த முழங்காலுக்கு அது எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் இந்த எண்ணிக்கையோடு போய்க் கேளுங்கள். "கார் ஓட்டலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "ஓட்டலாம்" என்றுதான் சொல்வார்.

உங்கள் மனைவிக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட வரும் என்பதையும் அண்ணன் பேச்சுக்குக் கீழே வைக்காதீர்கள். முழங்கால் மக்கர் பண்ணுகிற நாளில் அந்தக் காரை ஓட்டப் போவது அவர்தான். வீட்டில் இருவரில் ஒருவர் மட்டும் ஓட்ட முடிகிற காரை வாங்கினால் உங்களுக்கு ஓய்வு கிடைக்காது. மேனுவல் கற்றுக்கொள்ள அவருக்கு விருப்பம் இருந்தால் அது வேறு. கட்டாயப்படுத்தி வேண்டாம்.

அதனால் என் யோசனை இதுதான். மேனுவல் காரின் உரிமையாளரிடம் கேட்டு, உங்கள் வேலை நேர நெரிசலில் ஒரு முழு நாற்பது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் அவரே உட்கார்ந்திருக்கட்டும். ஓட்டி முடித்தவுடன் முடிவு செய்ய வேண்டாம். மறுநாள் காலை படியில் இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வலி இல்லை, மருத்துவரும் சரி என்கிறார், மனைவியும் கற்றுக்கொள்கிறேன் என்கிறார் என்றால் அந்தக் காரை எடுங்கள், நல்ல கார். இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள்.

பொறுக்கும் அந்த நாட்களில், டார்க் கன்வெர்ட்டர் பெட்டி உள்ள டர்போ காராகத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால், ஆயில் பில்லோடு கூடிய ஈரக் கிளட்ச் கார். ஒன்று அகப்பட்டால், குளிர்ந்த நிலையில் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் தயங்கிவிட்டு 'தட்'டென்று விழுந்தால் வேண்டாம். அறுபது, எண்பது வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு போகும்போது, சரளைக் கல் சாலையில் போவது போல அதிர்ந்தால் பூட்டு கிளட்ச்சில் கோளாறு. மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். கடைசியாக, அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு இதே எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். குளிரில் ஒளிந்திருக்கும் கோளாறு சூட்டில் வெளியே வந்துவிடும். அப்படி ஒரு கார் தேறினால், கியர்பாக்ஸின் பெயரையும் ஆயில் மாற்றிய பில்லையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன்.